என்னிடம் 100 சிசி வண்டிதான் இருக்கிறது. உள்ளூர் பைக் கிளப்பில் சேர்த்துக்கொள்வார்களா? அங்கே என்னதான் செய்வார்கள்?

சேர்த்துக்கொள்வார்கள். சேலத்தில் ஒரு கிளப்பில் ஆறு வருஷமாக இருக்கிறேன். சேர்ந்தபோது என்னிடம் இருந்தது ஸ்பிளெண்டர் பிளஸ். 97.2 சிசி. அந்தப் புள்ளி இரண்டை யாராவது விட்டுவிட்டால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும்.

முதல் ஞாயிறு காலை ஐந்தரைக்கு ஐந்து ரோட்டுப் பக்கம் போய் நின்றேன். பத்துப் பன்னிரண்டு வண்டிகள் இருந்தன. பாதி புல்லட், ஒரு டொமினார், இரண்டு பல்சர், யாரோ பொத்திப் பொத்தி வளர்த்த ஒரு ஆர்எக்ஸ் 100. நான் பேப்பர் போட வந்தவன் மாதிரி ஓரமாக நின்றுகொண்டிருந்தேன். கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் ஓர் அண்ணன்தான் அன்றைக்கு லீட், அதாவது வரிசையில் முதலில் போகிறவர். அவர் என் வண்டிப் பக்கம் வந்து குனிந்து, செயினை ஒரு விரலால் தூக்கிப் பார்த்தார். “லூஸா இருக்கே தம்பி” என்றார். பையிலிருந்து ஸ்பேனரை எடுத்து அங்கேயே டைட் செய்து கொடுத்துவிட்டு, டயரில் காற்று எப்போது பிடித்தது என்று கேட்டார். எத்தனை சிசி என்று கேட்கவே இல்லை. “நீ எனக்குப் பின்னாடியே வா” என்று மட்டும் சொன்னார்.

ஏதோ மரியாதை செய்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம்தான் விஷயம் புரிந்தது: இருப்பதிலேயே மெதுவான வண்டியை இரண்டாவதாக விடுவார்கள். லீட் ஓட்டுபவர் கண்ணாடியில் அந்த வண்டியைப் பார்த்துக்கொண்டே வேகத்தை வைத்துக்கொள்வார். அதைக் கொண்டுபோய்க் கடைசியில் விட்டால் வரிசை ரப்பர் பேண்டு மாதிரி இழுபடும். முன்னால் அறுபதில் போகிறவர்களைப் பிடிக்கக் கடைசி ஆள் எண்பதில் விரட்ட வேண்டியிருக்கும். புதிதாக வருகிறவர்கள் விழுவது பெரும்பாலும் இப்படி விரட்டும்போதுதான். நீங்கள் சேரப்போகும் கிளப் நல்லதா என்று தெரிய வேண்டுமானால், முதல் நாள் உங்களை எந்த இடத்தில் விடுகிறார்கள் என்று பாருங்கள். கடைசியில் விட்டுவிட்டு “வந்து சேர்ந்துடு மாப்ள” என்றால், டீ குடித்துவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிடலாம்.

அங்கே என்ன செய்வார்கள் என்று கேட்டீர்கள். முக்கால்வாசி ஞாயிறுகளில் டிபன் சாப்பிடப் போவோம், அவ்வளவுதான். அடிவாரம் வழியாக ஏற்காடு ஏறி, குப்பனூர் பக்கம் இறங்கி, பத்து மணிக்குள் வீடு. மதியச் சாப்பாட்டுக்கு வீட்டில் இல்லாவிட்டால் எங்களில் பலருக்கு அடுத்த ஞாயிறு கிடையாது. வருஷத்துக்கு இரண்டு தடவை நீண்ட ரைடு. மற்றபடி யாருடைய வண்டிக்கு என்ன என்பதுதான் பேச்சு. அறுபது கிலோமீட்டர் ஓட்டி இட்லி சாப்பிடுவதில் என்ன இருக்கிறது என்று என் மனைவி கேட்டாள். பதில் சொல்லத் தெரியவில்லை.

கொலுசுப் பட்டறை அண்ணன் தன் அப்பாவின் புல்லட்டைக் கொண்டுவரும் நாட்களில் கொஞ்சம் சீக்கிரமே போய்விடுவேன். திருவொற்றியூரில் செய்த பழைய வண்டி. கியர் வலது காலில், பிரேக் இடது காலில். சாவியைப் போட்டுவிட்டுக் கிக்கரை மெல்ல அழுத்திக்கொண்டே ஆம்பியர் மீட்டரைப் பார்ப்பார். ஒரு பக்கம் சாய்ந்திருக்கும் முள் நடுவுக்கு வந்த கணம் காலை நிறுத்துவார். ஹேண்டில்பாரில் இருக்கும், எஞ்சினுக்குள் அடைபட்ட அழுத்தத்தை வெளியே விடும் டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்துக்கொண்டு கிக்கரை ஒரு சொட்டு மட்டும் தள்ளுவார். லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, ஒரே மிதி. முள்ளைப் பார்க்காமல் மிதித்த ஒரு பையனுக்குக் கிக்கர் திருப்பி அடித்து மூன்று நாள் நொண்டினான்.

சாலையில் ஓட்டும் முறைக்கு வருகிறேன். நேர்ச் சாலையில் ஒருவர் வலது ஓரமாக, அடுத்தவர் இடது ஓரமாக, மாற்றி மாற்றிப் போவோம். நேர் முன்னால் போகும் வண்டிக்கும் நமக்கும் இரண்டு நொடி இடைவெளி இருக்க வேண்டும். முன்னால் போகிறவர் காலை நீட்டினால் அந்தப் பக்கம் பள்ளமோ மணலோ இருக்கிறது என்று அர்த்தம். ஒற்றை விரலைத் தூக்கினால் ஒற்றை வரிசை. மலைப்பாதை முழுக்க ஒற்றை வரிசைதான். இறங்குகிறவர் ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும். எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்க வேண்டும். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் பாதி மலையிலேயே கருகிய வாடை வரும், அப்புறம் லீவர் பஞ்சு மாதிரி உள்ளே போகும். எனக்கு இதெல்லாம் முப்பது வயதுக்கு மேல்தான் தெரியவந்தது. லைசென்ஸ் வாங்கும்போது எட்டுப் போட்டுக் காட்டியதோடு என் படிப்பு முடிந்திருந்தது.

கிளப் என்றால் என்ன என்று எனக்குப் புரிந்தது கொல்லிமலையில். சேலத்திலிருந்து போய்வர ஏறத்தாழ 200 கிலோமீட்டர். காரவள்ளியில் ஏற ஆரம்பித்தால் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய பலகை இருக்கும். அடிவாரத்தில் வரிசையை மாற்றினார்கள். ஏற்றத்தில் என் வண்டி திணறும், பின்னால் வருகிற கனமான வண்டிகள் வளைவில் நின்று நின்று ஏற வேண்டியிருக்கும் என்பதால், பெரிய வண்டிகள் முதலில். நான் கடைசிக்கு முந்தைய ஆள். கடைசியில் இரும்பாலையில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர். கடைசி வண்டியை ஸ்வீப் என்பார்கள். அந்த வண்டி யாரையும் முந்தக் கூடாது.

முப்பத்தாறாவது வளைவில் என் கிளட்ச் கேபிள் அறுந்தது. லீவருக்குள் உட்காரும் குண்டு மட்டும் தனியாகக் கையோடு வந்துவிட்டது. வண்டி பின்னால் உருள, பெரியவர் இறங்கி வந்து சக்கரத்துக்கு ஒரு கல்லை முட்டுக் கொடுத்தார். நான் கூச்சத்தில், “நீங்க போங்கண்ணே, நான் எப்படியாவது இறங்கிக்கறேன்” என்றேன். “நான் போயிட்டா கடைசி வண்டி யாரு?” என்றார். அவருடைய புல்லட்டில் ஓடுகிற கேபிளோடு இன்னொரு புதுக் கேபிளையும் சேர்த்து டேப் சுற்றி வைத்திருந்தார். அறுந்தால் இரண்டு முனையை மாற்றி மாட்டினால் போதும். ஆனால் புல்லட் கேபிள் ஸ்பிளெண்டருக்குச் சேராது. ஒரு பழைய மாத்திரை டப்பாவைத் திறந்து அறுந்த குண்டுக்குப் பதிலாக மாட்ட, ஸ்க்ரூ வைத்த குட்டி நிப்பிள் ஒன்றை எடுத்தார். பிரிந்து கிடந்த கம்பி நுனியைத் திரித்து அதில் நுழைத்து முறுக்கி, கீழே அட்ஜஸ்டரை முழுக்கத் தளர்த்திக் கொஞ்சம் நீளம் கண்டுபிடித்தார். அரை மணி நேரம் ஆனது. போனில் சிக்னல் இல்லை, மேலே போனவர்களுக்குச் சொல்ல வழியும் இல்லை. இந்நேரம் அவர்கள் மலைமேல் இருக்கும் சோளக்காட்டில் டீ குடித்து முடித்திருப்பார்கள் என்று நினைத்தேன்.

வண்டி கிளம்பியது. இரண்டு வளைவு தாண்டியதும் ஓரமாக ஒரு பல்சர். அவன் எங்களைப் பார்த்ததும் ஸ்டார்ட் செய்து முன்னால் போனான். இன்னும் இரண்டு வளைவு தள்ளி ஆர்எக்ஸ் 100. அதற்கு மேலே டொமினார். மலை முழுக்க ஒவ்வொருவராக, வண்டியை நிழலில் போட்டுவிட்டு நின்றுகொண்டிருந்தார்கள். பின்னால் வருகிறவன் கண்ணாடியில் தெரியவில்லை என்றால் அங்கேயே நில், இதுதான் எங்கள் விதி. எனக்குப் பின்னால் ஆள் இருந்ததால் அதுவரை நான் அதை யோசித்ததே இல்லை. நான் நின்றதால் எனக்கு முன்னால் இருந்தவன் நின்றான், அவன் நின்றதால் அடுத்தவன். நாங்கள் ஏற ஏற ஒவ்வொரு வளைவிலும் ஒரு எஞ்சின் உயிர் பெற்றது. எழுபதாவது வளைவைத் தாண்டியபோது மொத்த வரிசையும் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. மேலே போனதும் யாரும் என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. டீயைக் கையில் கொடுத்தார்கள்.

எல்லாம் இப்படியே இனிக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். டிஷர்ட் என்ன நிறம் என்பதில் எங்கள் கிளப் இரண்டாக உடைந்தது. நிஜமாகத்தான் சொல்கிறேன். வாட்ஸ்அப் குரூப்பில் ஆரம்பித்தது, ஆறு பேர் போனார்கள். இன்னொரு தொல்லை ரீல்ஸ். வளைவில் வண்டியைச் சாய்த்து வீடியோ எடுக்கச் சொல்கிறவர்களை இரண்டு முறை எச்சரிப்போம், மூன்றாவது ரைடுக்கு அழைப்பு வராது. சைலென்சரை மாற்றி ஊரை எழுப்புகிறவர்களிடம் எனக்குப் பொறுமை கொஞ்சமும் இல்லை, அது என் குறையாகவே இருக்கட்டும். பகல் ஓட்டம் முடிந்து ஸ்டாண்டு போடும்வரை யாரும் குடிக்கக் கூடாது. இதில் எங்கள் கிளப்பில் விதிவிலக்கே கிடையாது.

செலவைப் பற்றிப் பயப்பட வேண்டாம். ஜாக்கெட், பூட்ஸ் எல்லாம் மெதுவாக வாங்கலாம். முதலில் ஐஎஸ்ஐ முத்திரை உள்ள நல்ல ஹெல்மெட், கணுக்காலை மூடும் ஷூ, கையுறை. பின்னால் ஆளை ஏற்றினால் அவருக்கும் ஹெல்மெட்.

ஒரு தடவை ராசிபுரம் சாலையில் மொபெட்டில் விழுந்துகிடந்த தம்பதியைப் பார்த்து நிறுத்தினோம். கூட்டத்தில் ஒருவர் “போலீஸ் கேஸ் ஆயிடும்” என்று தயங்கினார். இரும்பாலைப் பெரியவர்தான் 108க்குப் போன் போட்டுக்கொண்டே சொன்னார், 2019 திருத்தத்துக்கு அப்புறம் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது, உதவி செய்தவனைச் சட்டம் காப்பாற்றும், பெயர் விலாசம் சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்தவும் முடியாது என்று. தயங்கியவர்தான் அப்புறம் அந்த அம்மாவுக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றார்.

பெரியவருக்கு இப்போது முட்டி வலி. இரண்டு வருஷமாகக் கடைசி வண்டி நான்தான். ஸ்பிளெண்டர் வீட்டில் இருக்கிறது, கூடவே ஒரு பழைய தண்டர்பேர்டு வாங்கினேன். மாத்திரை டப்பாவை என்னிடம் கொடுத்துவிட்டார்.

நீங்கள் சேலம் பக்கம் என்றால் ஒரு ஞாயிறு வாருங்கள். பெட்ரோலை முதல் நாள் ராத்திரியே போட்டுவிடுங்கள். கிளட்ச் கேபிள் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் வண்டிக்கு உள்ளதாகப் பார்த்து. என் பையில் ஸ்பிளெண்டருக்கும் புல்லட்டுக்கும்தான் இருக்கிறது.