மூட்டைப்பூச்சி: மருந்துக்கு முன் வெந்நீர்

கேள்வி: தண்டையார்பேட்டையில் சுவரோடு சுவர் ஒட்டிய ஒண்டுக்குடித்தன வீட்டில் இருக்கிறோம். கணவர், நான், 7 வயது மகன், 10 மாதக் கைக்குழந்தை, மாமியார் என ஐந்து பேர். ஒரு மாதத்துக்கு முன்பு பழைய மரக்கட்டில் ஒன்று வாங்கினோம். அதன் பிறகு எனக்கும் மகனுக்கும் கையிலும் கழுத்திலும் வரிசையாகத் தடிப்பு, தாங்க முடியாத அரிப்பு. அதே கட்டிலில் படுக்கும் கணவருக்கு ஒன்றுமே இல்லை. மாமியார் ‘சூட்டுக் கொப்புளம்’ என்கிறார். பக்கத்து வீட்டாரோ மூட்டைப்பூச்சிதான், அரிசி மூட்டைகளுக்குப் போடும் மாத்திரையைக் கட்டிலுக்கு அடியில் வைத்துக் கதவைச் சாத்தினால் ஒரே இரவில் ஒழிந்துவிடும் என்கிறார்கள். இதனால் வேறு நோய் தொற்றுமா? எப்படி உறுதி செய்வது? அடுத்த வாரம் பொன்னேரியில் அம்மா வீட்டுக்குப் போகலாமா?

பதில்: உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது தடிப்பு அல்ல, அந்த மாத்திரை. எனவே அதைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். தானியக் கிடங்குகளில் வண்டு விழாமலிருக்க வைக்கப்படும் அந்த மாத்திரை அலுமினியம் பாஸ்பைடு. காற்றிலுள்ள ஈரம் பட்டாலே அது பாஸ்பீன் என்ற நச்சு வாயுவை வெளிவிடும். அந்த வாயுவுக்கு மாற்று மருந்து கிடையாது. மூடிய அறையில் மட்டும் நிற்காமல், சுவரின் வெடிப்பு, மின்குழாய்த் துளை, கதவிடுக்கு வழியாக அடுத்த குடித்தனத்துக்குள்ளும் அது நுழையும். அழுகிய மீனைப் போன்ற ஒரு நெடி அதற்கு உண்டு என்பார்கள்; காசிமேட்டுக் காற்று வீசும் உங்கள் பகுதியில் அந்த நெடியை யார் பிரித்தறிவது? 2024 நவம்பரில் குன்றத்தூரில் ஒரு வீட்டில் எலிக்கு வைத்த மருந்தின் நெடியால் இரண்டு குழந்தைகள் இறந்துபோன செய்தியை நீங்களும் படித்திருப்பீர்கள். கைக்குழந்தை உள்ள வீட்டில் இந்த மாத்திரை வாசற்படியைக்கூடத் தாண்டக் கூடாது. ஏற்கெனவே வாங்கியிருந்தால் பிரிக்காமல், தண்ணீர் படாமல், வீட்டுக்கு வெளியே பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைத்திருந்து, கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்; கழிவறையிலோ சாக்கடையிலோ கொட்டிவிட வேண்டாம். ஏற்கெனவே வைத்துவிட்டு யாருக்காவது வாந்தி, தலைவலி, நெஞ்சில் இறுக்கம், மூச்சுத் திணறல் வந்தால், எல்லோரும் உடனே வெளியே வந்து 108-ஐ அழையுங்கள்.

இனி தடிப்புக்கு வருவோம். இரவில் மூடாமல் கிடக்கும் கை, கழுத்து, முகம், கால் ஆகிய இடங்களில், மூன்று நான்கு புள்ளிகள் கோடு போட்டாற்போல் அமைவது மூட்டைப்பூச்சிக் கடியின் வழக்கமான தோற்றம். ஆனால் தோலைப் பார்த்து மட்டும் எந்த மருத்துவரும் இதை அடித்துச் சொல்ல முடியாது. வடசென்னையில் கொசுக்கடியே ஏறக்குறைய இதே தோற்றத்தைத் தரும். உங்கள் மாமியார் சொல்வதையும் முழுக்கத் தள்ளிவிட முடியாது. வேர்க்குரு என்றால் அது வியர்வை தேங்கும் முதுகிலும் மடிப்புகளிலும் பொடிப்பொடியாக வரும், வரிசையாக வராது. நான் உங்களைப் பார்க்கச் சொல்வது விரலிடுக்குகளை. விரலிடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு, தொப்புளைச் சுற்றிய பகுதி ஆகியவற்றில் இரவில் அதிகமாகும் அரிப்பு இருந்தால், அது சிரங்குப் பூச்சியாக இருக்கலாம். அதற்குக் கட்டிலைக் கழுவிப் பயனில்லை. வீட்டில் உள்ள அனைவரும் ஒரே நாளில் மருந்து பூசிக்கொள்ள வேண்டும். இந்தச் சந்தேகம் இருந்தால் ஸ்டான்லி மருத்துவமனையின் தோல் பிரிவில் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது.

உங்கள் கணவரைப் பூச்சி விட்டுவைக்கவில்லை. கடிக்கும்போது அது செலுத்தும் எச்சிலுக்கு நம் உடல் காட்டும் ஒவ்வாமைதான் தடிப்பு. சிலருடைய தோல் அதைக் காட்டுவதே இல்லை. சிலருக்குக் கடித்துப் பல நாள்கள் கழித்தே தெரியும். ஆகவே, தடிப்பு இல்லாதவர் படுக்கும் பக்கத்தைச் சோதிக்காமல் விட்டுவிடாதீர்கள்.

உறுதி செய்யும் வழி ஒன்றே ஒன்றுதான்: பூச்சியையோ அதன் தடயத்தையோ கண்ணால் பார்ப்பது. வளர்ந்த பூச்சி ஏறக்குறைய ஒரு கொள்ளு அளவு, 5 முதல் 7 மில்லிமீட்டர் நீளம், தட்டையாக, செம்பழுப்பாக இருக்கும். இரத்தம் குடித்தபின் உப்பி நீண்டுவிடும். முட்டை வெள்ளை ரவை போல, ஒரு மில்லிமீட்டர்தான், மரத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். இவற்றைவிட எளிதாகக் கண்ணில் படுவது அதன் எச்சம். பேனா மையால் குத்தியது போன்ற கருப்புப் புள்ளிகள் மெத்தையின் தையல் ஓரத்திலோ கட்டில் சட்டத்திலோ கூட்டமாக இருந்தால், ஈரத்துணியால் ஒன்றை அழுத்தித் தேயுங்கள்; துணியில் துருவின் நிறத்தில் இழுவினால் அது செரித்த இரத்தம், வேறொன்றும் அல்ல. விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கு டார்ச் விளக்கோடு எழுந்து, கட்டிலின் நான்கு மூலைகளிலும் சட்டம் பொருந்தும் பொந்துகளில் பழைய ஏடிஎம் கார்டு ஒன்றை நுழைத்து வழித்துப் பாருங்கள். கூட்டம் பெரிதாக இருந்தால், அழுகத் தொடங்கிய கொத்துமல்லிக் கட்டைப் போல ஒரு வாடையும் வரும். கட்டிலோடு நிறுத்தாமல், கோரைப்பாயின் ஓரப் பட்டை, கொசுவலையின் மடிப்பு, தலைமாட்டில் மாட்டிய நாள்காட்டியின் பின்புறம், சாமி படச் சட்டம், சுவிட்ச் பெட்டி, பிளாஸ்டிக் நாற்காலியின் அடிப்பகுதி, பிள்ளையின் புத்தகப்பை வரை பாருங்கள். பொதுவாக நாம் படுக்கும் இடத்திலிருந்து ஐந்தாறு அடிக்குள்தான் பெரும்பாலானவை ஒளிந்திருக்கும். கிடைத்ததை ஒட்டுநாடாவில் ஒட்டி எடுத்துவந்து காட்டினால், எந்த மருத்துவரும் உங்களுக்கு நன்றி சொல்வார்.

நோய் தொற்றுமா என்ற கேள்விக்கு விடை ஆறுதலானது. மூட்டைப்பூச்சி எச்.ஐ.வி.யையோ மஞ்சள்காமாலைக் கிருமிகளையோ ஒருவரிடமிருந்து மற்றவருக்குக் கொண்டுசெல்வதாக நிரூபணம் இல்லை. பிள்ளைகள் சொறிந்து புண்ணாக்கிக்கொள்வதும், அதில் சீழ் பிடிப்பதும், தூக்கம் கெடுவதும்தான் நாங்கள் அன்றாடம் பார்ப்பவை. மிகக் கடுமையாகப் பெருகிவிட்ட வீடுகளில் இரத்தசோகையும் வந்ததுண்டு. கடித்த இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி, குளிர்ந்த நீரில் நனைத்த துணியை ஒற்றி, காலமைன் தடவினாலே பலருக்கும் போதும். மகனின் நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். தூக்கம் கெடும் அளவுக்கு அரித்தால் செட்ரிசின் போன்ற மருந்தை அவன் எடைக்கேற்ற அளவில் மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். மருந்துக்கடையில் ‘அரிப்புக்கு ஒரு டியூப்’ என்று கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்புகளை வாரக்கணக்கில் பூசி, தோல் மெலிந்துபோய் வருகிறவர்களைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். தேன் நிறத்தில் பொருக்குக் கட்டினாலோ, காய்ச்சல் வந்தாலோ, முகமோ உதடோ வீங்கினாலோ காத்திருக்க வேண்டாம்.

ஒழிக்கும் வேலையில் உங்களுக்குத் துணை மருந்தைவிடச் சூடுதான். இரண்டாம் உலகப் போரை ஒட்டி டி.டி.டி. வந்தபோது மூட்டைப்பூச்சியின் கதை முடிந்தது என்று உலகமே நினைத்தது; 1947-லேயே ஹவாயின் பேர்ல் ஹார்பரில் அந்த மருந்துக்குச் சாகாத பூச்சிகள் தென்பட்டுவிட்டன. இன்று கடையில் கிடைக்கும் பெரும்பாலான தெளிப்பான்களில் உள்ள பைரித்ராய்டு வகை மருந்துகளையும் அவை பல இடங்களில் தாங்கிக்கொள்கின்றன. இதைவிட மோசம், மருந்து நெடிக்கு அஞ்சி அவை இடம்பெயர்ந்து, நேற்றுவரை கட்டிலில் இருந்தவை இன்று பக்கத்து வீட்டுச் சுவரில் குடியேறிவிடும். ஆனால் 50 டிகிரி சூட்டைத் தாங்கும் மூட்டைப்பூச்சியோ முட்டையோ இல்லை.

நான் மாணவனாக இருந்த விடுதியில், ஞாயிற்றுக்கிழமை காலையில் இரும்புக் கட்டில்களை மொட்டைமாடிக்குத் தூக்கிச் சென்று, சமையற்கட்டிலிருந்து கொதிக்கக் கொதிக்க வெந்நீர் கொண்டுவந்து மூட்டுகளில் ஊற்றுவோம். ஓட்டைகளிலிருந்து அவை மிளகு கொட்டியதுபோல் விழும். அடுத்த மாதமே திரும்பிவிடும். ஏனென்றால் ஒரே ஒரு நாள் ஊற்றிவிட்டு வெற்றி விழா கொண்டாடிவிடுவோம். பெண் பூச்சி நாளொன்றுக்குச் சில முட்டைகள் வீதம் வாழ்நாளில் இருநூறுக்கு மேல் இடும். அவை ஆறு முதல் பத்து நாளில் பொரியும். ஆகவே இன்று செய்ததைப் பத்து, பன்னிரண்டு நாள் கழித்து மீண்டும் செய்ய வேண்டும், அதன் பிறகு இன்னொரு முறையும்.

உங்கள் கட்டிலைக் கழற்ற முடிந்தால் கழற்றி, திருகாணி ஓட்டை உட்பட ஒவ்வொரு இடுக்கிலும் கொதிநீரை மெதுவாக ஊற்றுங்கள். அந்நேரம் குழந்தைகள் அருகில் இருக்கக் கூடாது. பிளைவுட் பலகை என்றால் ஊறி உப்பிவிடும், அதற்குச் சூடான இஸ்திரிப் பெட்டியை ஈரத்துணி மேல் வைத்து ஓரங்களை அழுத்தி எடுங்கள். விரிப்பு, தலையணை உறை, துணிமணிகளை அண்டாவில் கொதிக்கவைத்தோ 60 டிகிரி வெந்நீரில் அரைமணி நேரம் வைத்தோ துவையுங்கள். சித்திரை வெயிலில் மெத்தையைக் காயப்போட்டால் போதும் என்பது பாதி உண்மை: மெல்லிய போர்வைக்கு அந்த வெயில் உதவும், தடித்த இலவம்பஞ்சு மெத்தையில் பூச்சிகள் நிழலான அடிப்பக்கத்துக்கு நகர்ந்துகொள்ளும். மெத்தையின் தையல் ஓரங்களைத் தேய்த்துச் சுத்தம் செய்து, முழுவதும் மூடும் உறைக்குள் போட்டு, ஜிப்பின் கடைசி நுனியையும் ஒட்டிவிடுங்கள். உள்ளே சிக்கியவை பட்டினி கிடந்து சாவதற்குப் பல மாதங்கள் ஆகும், அதுவரை பிரிக்கக் கூடாது. சுவர் வெடிப்புகளை வெள்ளைச் சிமெண்டால் அடைத்து, கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, நான்கு கால்களையும் சோப்புத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்துங்கள். போர்வை தரையைத் தொட்டால் கிண்ணம் வைத்த பயன் போய்விடும்.

பலரும் செய்யும் தவறு, பயந்துபோய் அடுத்த அறையில் போய்ப் படுப்பது. நம் மூச்சையும் உடல் சூட்டையும் தேடி அவையும் பின்னாலேயே வந்துவிடும், ஓர் அறைத் தொல்லை இரண்டு அறைத் தொல்லையாகும். சுத்தம் செய்த அதே கட்டிலில் படுங்கள். மண்ணெண்ணெய் தெளிப்பது தீ விபத்துக்கு அழைப்பு. அந்துருண்டை பூச்சியைக் கொல்லாது, ஆனால் பிறவியிலேயே ஜி6பிடி நொதி குறைந்த குழந்தைகளுக்கு இரத்த அணுக்களைச் சிதைக்கும். உங்கள் குழந்தையின் துணிகளுக்கிடையே அதைப் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள்.

இரண்டு மூன்று சுற்று முடிந்தும் எச்சப் புள்ளிகள் புதிதாகத் தோன்றினால் தொழில்முறைப் பூச்சிக் கட்டுப்பாட்டாளரை அழைக்கலாம். அரசு உரிமம் இருக்கிறதா, அடிக்கும் மருந்தின் பெயர் என்ன, எத்தனை மணி நேரம் வெளியே இருக்க வேண்டும் என்பதைக் கேட்டு, ரசீதில் எழுதி வாங்குங்கள். குழந்தை படுக்கும் விரிப்பில் மருந்து படக் கூடாது. ஒட்டுக்குடித்தனத்தில் உங்கள் வீட்டை மட்டும் சுத்தம் செய்வது பாதி வேலைதான். ஆகவே, வெட்கத்தை ஒதுக்கிவிட்டு, பக்கத்துக் குடித்தனங்களிடமும் வீட்டுக்காரரிடமும் சொல்லி, ஒரே வாரத்தில் எல்லோரும் செய்யுங்கள். மூட்டைப்பூச்சி அழுக்கைத் தேடி வருவதில்லை, ஆளைத் தேடி வருகிறது. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியது போல எல்லாச் சாமானையும் தூக்கிப் போடவும் தேவையில்லை. கட்டிலை விட்டுவிடத்தான் வேண்டும் என்று முடிவெடுத்தால், உடைத்து, பிளாஸ்டிக் தாளில் சுற்றிக் கட்டிக் குப்பை வண்டியில் ஏற்றுங்கள். முழுசாகத் தெருவில் வைத்தால் மாலைக்குள் இன்னொரு வீட்டுக்குள் போயிருக்கும், உங்கள் வீட்டுக்கு வந்ததும் அனேகமாக அப்படித்தான்.

பொன்னேரிக்குத் தாராளமாகப் போகலாம்; பூச்சி நம் உடம்பில் குடியிருப்பதில்லை, பையில்தான் பயணம் செய்கிறது. கொதிநீரில் துவைத்து வெயிலில் உலர்த்திய துணிகளை மட்டும் புதிய பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டி எடுத்துச் செல்லுங்கள். தலையணை, பாய், குழந்தையின் துணித்தொட்டில் ஆகியவை இங்கேயே இருக்கட்டும், தொட்டிலுக்கு அம்மாவின் பழைய புடவை ஒன்று போதும். மகனின் புத்தகப்பையைக் கொண்டுபோகத்தான் வேண்டும் என்றால், முதல் நாள் இரவு வாசலில் வெள்ளைத் துணி விரித்து, ஒவ்வொரு அறையையும் அதன் மேல் உதறிப் பாருங்கள்.