முதல் ஆங்கில நாவல் எது? எதில் தொடங்கிப் படிப்பது?

கேள்வி: முதுகலை ஆங்கில இலக்கியம் படிக்கிறேன். முதல் ஆங்கில நாவல் ‘ராபின்சன் குரூசோ’ என்கிறது ஒரு பாடநூல், ‘பமேலா’ என்கிறது இன்னொன்று, ‘ஓரூனோக்கோ’ என்கிறது மற்றொன்று. தேர்வில் எதை எழுதுவது? மூலநூல்களையே படித்துவிடலாம் என்று ‘பமேலா’வை எடுத்தேன், பாதியில் நின்றுவிட்டது. எந்த வரிசையில் படிக்கலாம்?

பதில்: மூன்றுக்கும் நியாயம் உண்டு, அளவுகோல்தான் வேறு. அஃப்ரா பென்னின் ‘ஓரூனோக்கோ’ (1688) கண்ணால் கண்டவர் சொல்லும் குரலில் வருகிறது. ஆனால் நாயகன் பழைய வீரக் காதல் கதைகளின் இளவரசன். டீஃபோவின் ‘ராபின்சன் குரூசோ’ (ஏப்ரல் 25, 1719) ஒரு சாதாரண மனிதனின் அன்றாடத்தை எடுத்துக்கொள்கிறது. ரிச்சர்ட்சனின் ‘பமேலா’ (1740) மனத்துக்குள் நுழைகிறது. பாடநூல்கள் பெரும்பாலும் டீஃபோவில் தொடங்குவதற்குக் காரணம், விமர்சகர் இயன் வாட் 1957-இல் எழுதிய ஆய்வு டீஃபோ, ரிச்சர்ட்சன், ஃபீல்டிங் மூவரையும் மையமாக்கியதுதான். அதில் பென், எலைசா ஹேவுட் போன்ற பெண்கள் ஓரத்துக்குப் போனார்கள். அது பெரிய இழப்பு. 1980-களில் வந்த ஆய்வுகள்தான் அதைச் சரிசெய்யத் தொடங்கின. விடைத்தாளில் வெறும் பெயரை எழுதாதீர்கள். ‘இந்த அளவுகோலின்படி இது முதல்’ என்று முதல் வரியிலேயே எழுதுங்கள்.

படிப்பதை ‘குரூசோ’வில் தொடங்குங்கள். சிறுவர்களுக்கான சுருக்கம் வேண்டாம்; அதில் விடுபட்டுப்போவதுதான் நமக்கு வேண்டியது. முதல் பதிப்பின் தலைப்புப் பக்கத்தில் டீஃபோவின் பெயரே இல்லை, குரூசோ தானே எழுதியதாக அச்சிட்டிருந்தார்கள். அதனால் உண்மை வரலாறு என்று நம்பவைக்கும் உத்திகளைக் கவனித்துப் படியுங்கள்: தேதி, பொருள் பட்டியல், நன்மை தீமையை வரவு செலவு போல எதிரெதிரே எழுதுவது. 1659 செப்டம்பர் 30-இல் கரையேறியவன் 1686 டிசம்பர் 19-இல் தீவைவிட்டுப் போகிறான். இருந்தது 28 ஆண்டு, 2 மாதம், 19 நாள் என்கிறான். கழித்துப் பாருங்கள், 27 ஆண்டுதான் வரும். கணக்கு பிசகினாலும், இப்படிக் கணக்குச் சொல்லும் பழக்கம்தான் புதுமை. மூலத்தில் அத்தியாயப் பிரிவு கிடையாது. கப்பல் உடைவது, காலடித் தடம், குரூசோ ‘வெள்ளிக்கிழமை’ (ஃபிரைடே) என்று பெயரிடும் மனிதனின் வருகை ஆகிய இடங்களில் நிறுத்திக்கொண்டால் மூச்சு வாங்காது.

அடுத்து மறுபடியும் ‘பமேலா’. பலரும் நிற்கும் இடம் ஒன்று உண்டு: 32 கடிதங்களுக்குப் பிறகு வேலைக்காரப் பெண் பமேலா தன் எஜமானனிடம் அடைபட்டுவிடுகிறாள், கடிதம் நாட்குறிப்பாக மாறுகிறது, சம்பவங்கள் மெதுவாகின்றன. அங்கே ‘அடுத்து என்ன’ என்று தேடினால் சலிப்புதான். தாளும் மையும் எங்கே ஒளித்துவைக்கிறாள், எழுதியதை யார் படிக்கிறார்கள் என்று பின்தொடருங்கள், கதையே அதுதான். திருமணம் வரை வந்துவிட்டால் மீதியை வேகமாகப் புரட்டலாம். 1741 டிசம்பரில் வந்த இரண்டாம் பகுதியை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

பதிப்பிலும் கவனம் தேவை. ரிச்சர்ட்சன் அச்சகக்காரர், ஒவ்வொரு பதிப்பிலும் திருத்திக்கொண்டே இருந்தார். ஆக்ஸ்ஃபோர்டு வேர்ல்ட்ஸ் கிளாசிக்ஸ் பதிப்பு 1740 பாடத்தைத் தருகிறது. பீட்டர் சேபர் பதிப்பித்த பெங்குவின், ரிச்சர்ட்சன் இறந்தபின் 1801-இல் அச்சான திருத்திய பாடம். முதலாவதில் பமேலாவின் பேச்சு இன்னும் வேலைக்காரப் பெண்ணின் பேச்சாக இருக்கும். இரண்டையும் கலந்து மேற்கோள் காட்டினால் வரிகள் ஒத்துப்போகாது.

முடித்த கையோடு, ‘பமேலா’வைக் கேலிசெய்து ஃபீல்டிங் எழுதிய ‘ஷமேலா’ (1741). சின்னப் புத்தகம், ஒரே மாலையில் முடிந்துவிடும். 1737-இன் நாடகத் தணிக்கைச் சட்டத்தால் மேடையை இழந்த ஃபீல்டிங், பமேலாவின் கற்பு வெறும் வியாபாரத் தந்திரம் என்று காட்டுகிறார். பிறகு ‘ஜோசஃப் ஆண்ட்ரூஸ்’ (1742). அதன் முன்னுரையைத் தாண்டிப் போகாதீர்கள், இந்தப் புதுவகை எழுத்துக்கு இலக்கணம் வகுக்கும் முயற்சி அது. ‘டாம் ஜோன்ஸ்’ (1749) அதன்பின் எளிதாகவே வரும். ரிச்சர்ட்சனின் ‘கிளாரிஸா’வில் 537 கடிதங்கள், தேர்வு முடியும்வரை தொடவேண்டாம்.

இணையத்தில் பழைய அச்சுப் பிரதியைப் பார்ப்பதானால், சொல்லின் தொடக்கத்திலும் நடுவிலும் வரும் ‘எஸ்’ எழுத்து ‘எஃப்’ போலத் தெரியும். ஸ்கேனிலிருந்து கணினி தானாக எடுத்த உரையில் அது ‘எஃப்’ என்றே பதிவாகிவிடுவதால் சொல்தேடல் பலிக்காது. மேற்கோளைப் பக்கத்தின் படத்தோடு ஒப்பிட்டபிறகே எழுதுங்கள்.