கடற்கரைக்குக் கார் போதும், பாறைச் செதுக்கலுக்கு வழிகாட்டி வேண்டும்

சிட்னியின் வென்ட்வொர்த்வில்லில் இருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "அக்டோபரில் அப்பாவும் அம்மாவும் திருநெல்வேலியில் இருந்து வருகிறார்கள். அப்பாவுக்கு 71 வயது, நன்றாக நடப்பார். அம்மாவுக்கு முழங்கால் வலி. ஒன்பது வயதில் மகள் இருக்கிறாள். ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்குப் போகும் வழியில் உள்ள கடற்கரை, மலைமுனைக் காட்சிகளோடு இந்த மண்ணின் பூர்வகுடி மக்களைப் பற்றியும் ஒரே நாளில் காட்ட ஆசை. ஒரே நாளில் பன்னிரண்டு இடங்கள் என்று ஒரு வேன் சுற்றுலா விளம்பரம் பார்த்தேன். பூர்வகுடி வழிகாட்டி நடத்தும் சுற்றுலா இன்னொன்று இருக்கிறது, விலை கூடுதல். எதை எடுக்கலாம், அல்லது நாங்களே காரில் போய்விடலாமா? அம்மா கடலில் இறங்கலாமா? பாறைச் செதுக்கல்களைப் படம் எடுக்கலாமா?"

உங்களிடம் கார் இருக்கிறது என்பதால் என் பதில் இது. கடற்கரைக்கும் மலைமுனைக்கும் வழிகாட்டிக்குப் பணம் கொடுக்க வேண்டாம். பூர்வகுடி மரபுக்கு மட்டும் கொடுங்கள், அதைத் தாராளமாகவே கொடுங்கள். கடலை யார் காட்டினாலும் கடல்தான். ஆனால் ஒரு பாறையில் இருக்கும் கோட்டைக் காட்டி, 'இது என் பாட்டியின் ஊர்' என்று சொல்ல உரிமை உள்ளவர் வாயிலிருந்து கேட்பது வேறு. வேன் ஓட்டுநர் படித்து ஒப்பிப்பது அதற்கு ஈடாகாது.

பன்னிரண்டு இடச் சுற்றுலாவை விட்டுவிடுங்கள். அதில் பாதி நேரம் வேனில் ஏறி இறங்கவே போய்விடும். முழங்கால் வலி உள்ள அம்மாவுக்குப் பன்னிரண்டு முறை வேன் படி ஏறுவது எவ்வளவு சிரமம் என்பது உங்களுக்கே தெரியும். நான்கு இடம் போதும்.

நீங்கள் போகவிருப்பது ராயல் தேசியப் பூங்காவும் அதற்குத் தெற்கே உள்ள கடலோரமும். 1879இல் அறிவிக்கப்பட்ட பூங்கா அது, ஆஸ்திரேலியாவிலேயே முதலாவது. அந்த நிலம் தரவால் மக்களுடையது. 1879 என்பது அரசாங்கக் காகிதத்தின் தேதி மட்டும்தான். அதற்குப் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பிருந்தே அங்கே மக்கள் மீன் பிடித்து, சிப்பி சுட்டு, பிள்ளை வளர்த்து வாழ்ந்தார்கள். கடலோர மணல் மேட்டில் சிப்பி ஓடுகள் அடுக்கடுக்காகத் தெரிந்தால் அதைக் குப்பை என்று நினைத்துவிட வேண்டாம். தலைமுறை தலைமுறையாக ஒரே இடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டதன் எச்சம் அது. மகள் ஒரு சிப்பியைப் பொறுக்கி வீட்டுக்குக் கொண்டுவர ஆசைப்படுவாள். அங்கிருந்து வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். இந்த எச்சங்களைச் சேதப்படுத்துவது நியூ சவுத் வேல்ஸில் 1974ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

காலையில் முதலில் பூங்காவை ஒட்டிய கடலோரச் சிற்றூரான பண்டீனா போங்கள். ஜிப்பன் முனையில் உள்ள பாறைச் செதுக்கல்களுக்கு வெளிச்சம்தான் எல்லாம். உச்சி வெயிலில் போனால் வெறும் மணற்கல் பாறைதான் தெரியும். 'இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம்' என்று அப்பா கேட்பார். சூரியன் சாய்வாக இருக்கும்போது செதுக்கிய பள்ளத்தின் ஒரு பக்கத்தில் நிழல் தங்கும். ஒரு விரல் அகலக் கோடு மெல்லக் கறுத்து வளைந்து போகும். அதைக் கண்ணால் தொடர்ந்துகொண்டே போனால் திமிங்கிலத்தின் முதுகு வரும், பிறகு வால் வரும். கங்காரு, திருக்கை, கையில் ஆறு விரல் உள்ள மனித உருவம் எல்லாம் அங்கே இருக்கின்றன. கூர்மையான கடினக் கல்லால் முதலில் வரிசையாகக் குழி கொத்தி, பிறகு அந்தக் குழிகளைத் தேய்த்து இணைத்துக் கோடாக்கியிருக்கிறார்கள். சில இடங்களில் அந்தக் குழிகள் இன்னும் தனித்தனியாகத் தெரியும். அதை மகளையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

செதுக்கல்களைச் சுற்றி மரப்பலகை நடைபாதையும் உயர்த்திய மேடையும் அமைத்திருக்கிறார்கள். மேடையில் நின்றே பாருங்கள். பாறை மேல் ஏறக் கூடாது. கோடு தெளிவாகத் தெரிய வேண்டும் என்று சுண்ணாம்புக் கட்டியால் தீட்டுவதோ, கையால் தேய்ப்பதோ கூடவே கூடாது. மணற்கல் மென்மையானது. காற்றும் மழையும் ஏற்கெனவே அதை அரித்துக்கொண்டிருக்கின்றன, நாமும் சேர்ந்து அரிக்க வேண்டாம்.

படம் எடுக்கலாம். பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட இடம் அது. ஆனால் எல்லா இடமும் அப்படி இல்லை. ஆண்களுக்கு மட்டும், பெண்களுக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்ட இடங்கள் உண்டு. வரைபடத்தில் போடாமலே பாதுகாக்கும் இடங்களும் உண்டு. வழிகாட்டி எங்காவது 'இங்கே கேமரா வேண்டாம்' என்றால் காரணம் கேட்டு நச்சரிக்காமல் பைக்குள் வையுங்கள். அவரைப் படம் எடுப்பதற்கும் அவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். வயதில் மூத்த வழிகாட்டி தன்னை 'ஆன்ட்டி' என்றோ 'அங்கிள்' என்றோ அறிமுகப்படுத்திக்கொண்டால் அது அவர்கள் சமூகம் கொடுத்த மரியாதைப் பட்டம். நீங்களும் அப்படியே கூப்பிடலாம்.

இப்போது அம்மா விஷயம். பண்டீனாவில் காரை நிறுத்திவிட்டுச் செதுக்கல்களுக்குப் போக ஜிப்பன் கடற்கரை மணலில் நடந்து, பிறகு புதர்க் காட்டுப் பாதையில் கொஞ்ச தூரம் போக வேண்டும். போக அரை மணி நேரம், வர அரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணலில் கால் புதைவது முழங்காலுக்கு ஆகாது. அம்மாவால் சமதரையில் அரை மணி நேரம்கூட நிற்காமல் நடக்க முடியாது என்றால் ஜிப்பனை மாற்றிவிட்டுக் கர்னெலுக்குப் போங்கள். இதை இரண்டாம்பட்ச ஏற்பாடாக நினைக்க வேண்டாம். உங்கள் குடும்பத்துக்கு அதுதான் முதல் தெரிவு என்றே நான் சொல்வேன்.

கர்னெல் இருப்பது கமே பாட்டனி பே தேசியப் பூங்காவில். 1770 ஏப்ரல் 29 அன்று ஆங்கிலேய மாலுமி ஜேம்ஸ் குக்கின் ஆட்கள் படகில் கரையிறங்கிய இடம். குவீகல் இனத்தைச் சேர்ந்த இரண்டு ஆண்கள் கரையில் நின்று தடுத்தார்கள். குக்கின் ஆட்கள் துப்பாக்கியால் சுட்டார்கள். பிறகு குடிசைகளுக்குள் போய், அங்கிருந்த ஈட்டிகளில் கையில் கிடைத்தவற்றை எடுத்துப் போனார்கள். நாற்பது ஐம்பது ஈட்டிகள். அவற்றில் நான்கு இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்து, இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் அங்கேயே கிடந்தன. 2024இல் அவை வளைகுடாவின் எதிர்க்கரையில் உள்ள லா பெரூஸ் பூர்வகுடிச் சமூகத்திடம் நிரந்தரமாகத் திரும்பி வந்தன. அந்த ஈட்டிகளை எடுத்துக்கொண்டு போன கரையில் நின்று, திருப்பிக் கேட்டு வாங்கிய மக்களில் ஒருவர் அதைச் சொல்லக் கேட்டால் உங்கள் அப்பா அந்த நாளை மறக்க மாட்டார்.

அங்கே நடைபாதை பெரும்பாலும் சமதளம். ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள புர்ரவாங் நடையை அம்மா நிதானமாக நடந்து முடித்துவிடலாம். வழியில் புல் மரம் இருக்கிறதா என்று வழிகாட்டியிடம் கேளுங்கள். தரையில் இருந்து புற்கொத்து விரிந்து, நடுவில் நீளமான பூந்தண்டு நிமிர்ந்து நிற்கும். அந்தத் தண்டில் ஈட்டிக்கம்பு செய்தார்கள். அடிமரத்தின் பிசினைச் சூடாக்கினால் இளகும், ஆறினால் கல்லாக இறுகும். ஈட்டியின் முனைகளை அதைக் கொண்டுதான் ஒட்டினார்கள். பெண்கள் சிப்பி ஓட்டைத் தேய்த்துத் தூண்டில் முள் செய்து, மரப்பட்டைப் படகில் உட்கார்ந்து கையால் நூல் விட்டு மீன் பிடித்தார்கள். படகுக்குள்ளேயே களிமண் மெத்தி, அதன் மேல் சிறு தீ வைத்திருப்பார்கள்.

வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது விளம்பரப் படங்களைப் பார்க்காமல் தொலைபேசியில் கேளுங்கள். நடத்துபவர் பூர்வகுடியினரா, எந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர்? செதுக்கலோ கரையோ, ஓர் இடத்தில் எவ்வளவு நேரம் நிற்பீர்கள்? எத்தனை பேர் கூட்டம்? அம்மாவின் முழங்காலைச் சொல்லி, பாதையில் எத்தனை படி என்றும் கேளுங்கள். ஒழுங்காக நடத்துபவர் படிக்கட்டை எண்ணிச் சொல்வார். 'எல்லோரும் போகலாம்' என்று மழுப்புபவரை விட்டுவிடுங்கள். பூங்காவுக்குள் வணிகமாகச் சுற்றுலா நடத்த உரிமம் வேண்டும், அதையும் கேட்கலாம். பூர்வகுடி வழிகாட்டிகளின் நடை எல்லா நாளும் நடப்பதில்லை. அதனால் முதலில் அவர்களிடம் தேதி வாங்குங்கள், உங்கள் பயண நாளை அதற்கேற்ப வைத்துக்கொள்ளுங்கள்.

மதியச் சாப்பாட்டுக்கு வாட்டமோல்லா. கட்டுச்சோறு கொண்டு போங்கள், பூங்காவுக்குள் கடை அரிது. 1796 மார்ச்சில் இந்தக் கடலோரத்தை ஆராய வந்த பாஸ், பிளிண்டர்ஸ் இருவரும் ஒரு சிறுவனோடு 'டாம் தம்ப்' என்ற சின்னஞ்சிறு படகில் வந்து, இரவுப் புயலில் இருந்து தப்பி ஒதுங்கிய சிறு வளைகுடா இது. கார் நிறுத்துமிடத்தின் அருகிலேயே மேசைகளும் கடல் பார்க்கும் இடமும் உண்டு, அம்மா அங்கேயே உட்காரலாம். கீழே மணலுக்கு இறங்கப் படிகள் இருக்கின்றன. அருவிப் பாறை மேலிருந்து இளைஞர்கள் குதிப்பதைப் பார்த்து மகள் ஆசைப்பட்டால் உறுதியாக மறுத்துவிடுங்கள். தடை செய்யப்பட்ட செயல் அது, கடுமையாக அடிபட்டவர்களும் உண்டு. வலைத்தளப் படங்களில் வரும் 'வெட்டிங் கேக்' பாறையும் 'ஃபிகர் எய்ட்' குளங்களும் இந்தப் பயணத்துக்கு வேண்டாம். முன்னது உடைந்து விழக்கூடியது என்பதால் வேலி போட்டிருக்கிறார்கள். பின்னதில் திடீர் அலை வந்து ஆட்களைப் பாறையில் அறைந்திருக்கிறது.

கடலில் இறங்குவது பற்றி. உங்கள் பெற்றோர் திருச்செந்தூர்க் கடலில் முங்கிப் பழகியவர்களாக இருக்கலாம். அந்த நம்பிக்கையோடு இங்கே இறங்க விடாதீர்கள். சிவப்பும் மஞ்சளும் கலந்த இரண்டு கொடிகளுக்கு நடுவே மட்டும்தான். கொடி இல்லை என்றால் உயிர்காக்கும் காவலர் இல்லை என்று பொருள், கால் நனைப்பதோடு சரி. அலை உடைந்து நுரைக்கும் இடங்களுக்கு நடுவே ஒரு பகுதி மட்டும் அமைதியாக, கொஞ்சம் கறுத்துத் தெரியும். குளிக்க வசதி என்று மனம் அங்கேதான் போகும். உள்ளிழுக்கும் நீரோட்டம் ஓடுவதும் அங்கேதான். மாட்டிக்கொண்டால் எதிர்த்து நீந்தாமல் மிதந்து கையை உயர்த்த வேண்டும். அம்மா சேலையோடு முழங்கால் ஆழத்துக்கு மேல் போகவே வேண்டாம். நனைந்த சேலை காலைச் சுற்றிக்கொண்டால் சின்ன அலையில்கூட எழுந்திருக்க முடியாது. வாட்டமோல்லாவின் உள் நீர்த்தேக்கம் அலையில்லாதது, ஓரத்தில் கால் நனைக்க ஏற்றது, ஆனால் உள்ளே சட்டென்று ஆழமாகும். மணலில் நீல நிறப் பை போல் ஒதுங்கிக் கிடப்பது புளூபாட்டில் என்னும் கொட்டும் கடலுயிரி. காய்ந்தாலும் கொட்டும். கொட்டினால் தாங்கக்கூடிய அளவு சூடான நீரில் இருபது நிமிடம் வைக்க வேண்டும்.

அங்கிருந்து தெற்கே ஓட்டுங்கள். காட்டுச் சாலை முடிந்து பால்ட் ஹில் என்ற குன்றில் வெளியே வரும்போது ஒரே பார்வையில் கடலோரம் முழுவதும் விரியும். காரிலிருந்து இறங்கினாலே காட்சி, அம்மாவுக்கு ஓரடி நடை வேண்டியதில்லை. காற்று பலமாக இருக்கும், மேல்சட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கீழே தெரியும் ஸ்டான்வெல் பார்க் கடற்கரையில்தான் 1894 நவம்பர் 12 அன்று பறத்தல் ஆராய்ச்சியாளர் லாரன்ஸ் ஹார்கிரேவ் நான்கு பெட்டி வடிவப் பட்டங்களைக் கோர்த்துத் தன்னையே தரையில் இருந்து பதினாறு அடி உயரத்துக்குத் தூக்க வைத்தார். இன்றும் அந்தக் குன்றிலிருந்து ஹாங் கிளைடர்கள், அதாவது ஆள் தொங்கிப் பறக்கும் இறக்கைகள், பறக்கின்றன. மகளுக்கு இந்த நாளில் மிகப் பிடித்தது அதுவாகத்தான் இருக்கும். அக்டோபரில் திமிங்கிலங்கள் குட்டிகளோடு தெற்கே திரும்பும் காலம். தொலைநோக்கி இருந்தால் கொண்டு போங்கள்.

நேரம் மிச்சமிருந்தால் சீ கிளிஃப் பாலம். 665 மீட்டர் நீளம், 2005 டிசம்பரில் திறந்தது. மலைச்சரிவில் இருந்து பாறை விழுந்து பழைய சாலையை மூடவேண்டியதாயிற்று. அதனால் மலையை விட்டு விலக்கிக் கடலுக்கு மேலேயே சாலை போட்டார்கள். பாலத்தில் காரை நிறுத்த முடியாது. ஒரு முறை ஓட்டிப் போய்த் திரும்பினால் போதும், நடப்பது அப்பாவின் விருப்பம். பிறகு ஹெலன்ஸ்பர்க் வேங்கடேசுவரர் கோயில், அங்கிருந்து சில நிமிடத் தூரம். 1985இல் குடமுழுக்குக் கண்ட கோயில் அது. வார இறுதி என்றால் கேன்டீனில் தோசை கிடைக்கும், மாலைச் சாப்பாட்டுக் கவலை இல்லை.

முந்தைய நாள் இரவும் கிளம்பும் முன்னும் தேசியப் பூங்கா தளத்தில் எச்சரிக்கைகளைப் பாருங்கள். பெருமழை பெய்தால் ராயல் பூங்காவுக்குள் நுழையும் ஆட்லி அணைக்கட்டுச் சாலை நீரில் மூழ்கும், காட்டுத்தீ அபாய நாளில் பூங்காவையே மூடுவார்கள். பூங்காவுக்குள் வாகனக் கட்டணம் உண்டு. கைபேசிச் சிக்னல் பல இடங்களில் இருக்காது, அதனால் வரைபடத்தை வீட்டிலேயே இறக்கிக்கொள்ளுங்கள். மழையால் ராயல் பூங்கா மூடியிருந்தால் கர்னெல் நடையை மட்டும் வைத்துக்கொண்டு, நெடுஞ்சாலை வழியாகவே பால்ட் ஹில்லுக்கும் கோயிலுக்கும் போய்விடலாம். அந்த வழிக்கு ஆட்லியைக் கடக்க வேண்டியதில்லை.