கோடிகளில் சம்பாதிக்கும் பிரபலங்கள் வரி வழக்கில் சிக்கினால் மக்கள் ஏன் அவர்களுக்காக இரக்கப்படுகிறார்கள்?

கால்பந்து வீரர் மெஸ்ஸியின் வழக்கை வைத்தே பதில் சொல்கிறேன். ராத்திரி கண்விழித்து பார்சிலோனா ஆட்டம் பார்த்தவன் நான். பிழைப்புக்குச் செய்வது வரிக்கணக்கு வேலை. அதனால் இந்தக் கேள்வி எனக்குக் கொஞ்சம் நெருக்கமானது.

2016 ஜூலை 6 அன்று பார்சிலோனா நீதிமன்றம் மெஸ்ஸிக்கும் அவர் அப்பாவுக்கும் ஆளுக்கு 21 மாதச் சிறைத்தண்டனை விதித்தது. 2007 முதல் 2009 வரை ஸ்பெயின் அரசுக்குச் சேர வேண்டிய சுமார் 41 லட்சம் யூரோ வரியை ஏய்த்தார்கள் என்பது குற்றம். சில நாட்களிலேயே பார்சிலோனா கிளப் 'நாம் எல்லோரும் மெஸ்ஸி' என்று ஒரு பிரசாரம் தொடங்கியது. இரண்டு கைகளையும் விரித்து, அவருடைய 10ஆம் எண்ணைப் பத்து விரலால் காட்டிப் படம் எடுத்துப் போடச் சொன்னார்கள். ரசிகர்களும் போட்டார்கள். அப்போது ஸ்பெயினில் வேலைக்குத் தயாராக இருந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு வேலை கிடையாது.

நடந்தது இதுதான். ஆட்டக்காரருக்குச் சம்பளம் ஒரு பக்கம். அவர் முகத்தையும் பெயரையும் விளம்பரத்தில் போட்டுக்கொள்ளக் கம்பெனிகள் கொடுக்கும் பணம் இன்னொரு பக்கம். அந்த உரிமையை பெலீஸ், உருகுவே நாடுகளில் பெயருக்கு இருந்த கம்பெனிகளுக்கு எழுதிக்கொடுத்துவிட்டார்கள். மெஸ்ஸி குடியிருந்தது பார்சிலோனாவில், விளம்பரப் பணம் போய்ச் சேர்ந்தது அங்கே. ஸ்பெயினில் அவர் காட்டிய கணக்கில் அது வரவே இல்லை.

கூண்டில் ஏறிய மெஸ்ஸி, தான் ஆட்டத்தை மட்டுமே பார்த்துக்கொண்டதாகவும் பண விஷயத்தில் அப்பாவையும் வக்கீல்களையும் நம்பியதாகவும் சொன்னார். அரசு வழக்கறிஞரே அவரை விட்டுவிடலாம் என்றார். வரித்துறை சார்பாக வந்த வழக்கறிஞர்தான் விடவில்லை. தெரிந்துகொள்ள எல்லா வாய்ப்பும் இருந்தும் கேட்காமலே இருந்தால் பொறுப்பு போய்விடாது என்று நீதிமன்றம் முடிவு செய்தது. அது சரியான தீர்ப்பு என்றுதான் நினைக்கிறேன்.

சரி, மக்களுக்கு ஏன் மனசு இளகியது? அர்ஜென்டினாவின் ரொசாரியோவிலிருந்து 13 வயதில், வளர்ச்சி ஹார்மோன் குறைபாட்டோடு வந்த பையன் என்ற கதை எல்லோருக்கும் தெரியும். அவர் ஜெயித்த ராத்திரிகளில் நாமும் ஜெயித்ததாகத்தான் தூங்கப் போயிருக்கிறோம். அப்படிப்பட்டவரைக் கோர்ட் வாசலில் பார்த்தால் வலிக்கத்தான் செய்யும். (எல்லோரும் அப்படி இல்லை. அவர் கோர்ட்டுக்கு வந்தபோது, வரி ஏய்ப்புக்குப் பேர்போன பனாமாவுக்குப் போய் ஆடச் சொல்லிக் கத்தியவர்களும் உண்டு.)

ஆனால் இதைவிடப் பெரிய காரணம், அரசியல்வாதிகள் மேல் இருக்கும் கோபம். "இவனாவது உழைத்துச் சம்பாதித்தான், அவர்கள் கொள்ளையடித்தார்கள், அவர்களைப் பிடிக்க வேண்டியதுதானே?" என்ற பேச்சு. ஊழல் வழக்குகள் வரிசையாக வந்துகொண்டிருந்த ஸ்பெயினில் இந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனால் கட்டாத வரியால் எந்த அரசியல்வாதிக்கும் நஷ்டமில்லை. ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போக வேண்டிய பணம் அது. வீட்டில் திருட்டுப் போனால் அழுகிற ஆள் கண்ணுக்குத் தெரிவார். வரியில் அப்படி யாரும் தெரிவதில்லை, கஷ்டப்படுகிற முகம் என்று பார்த்தால் நட்சத்திரத்தின் முகம் ஒன்றுதான் தெரிகிறது. இரக்கமும் அந்தப் பக்கமே போய்விடுகிறது.

ஸ்பெயினுக்கு இது புதிதும் இல்லை. 1980களில் பாடகி லோலா ஃபுளோரெஸ் வரிக் கணக்கே தாக்கல் செய்யாமல் மாட்டியபோது, ஒவ்வொரு ஸ்பானியரும் ஒரு பெசேட்டா (அப்போதைய ஸ்பெயின் நாணயம்) கொடுத்தால் கடன் தீர்ந்துவிடுமே என்று கேட்டார். இன்றும் அந்த ஊரில் அதைப் பாசத்தோடு நினைவுகூருகிறவர்கள் இருக்கிறார்கள்.

என்னை உறுத்துவது வேறு ஒன்று. எங்கள் ஆபீசுக்கு வரும் பாத்திரக்கடை அண்ணாச்சி ஒருவர், மனைவியை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்ததால் ஜிஎஸ்டி கணக்கைத் தாமதமாகத் தாக்கல் செய்தார். நாளுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், வரிக்கு 18 சதவீத வட்டி. சலானை வாங்கி மேசையில் விரித்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்துவிட்டு, மறுபேச்சு பேசாமல் கட்டினார். "எல்லாம் ஆடிட்டர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிட்டேன்" என்று அவர் சொல்லியிருந்தாலும் எந்த அதிகாரியும் ஏற்றிருக்க மாட்டார். அவருக்காக யாரும் பத்து விரலைக் காட்டிப் படம் போடவும் இல்லை. மெஸ்ஸி சம்பளம் கொடுத்து வைத்துக்கொண்ட வக்கீல்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்!

"பாவம், ஜெயிலில் போடப் பார்க்கிறார்கள்" என்று அப்போது பதறியவர்கள் ஏராளம். ஸ்பெயினில் முதல் குற்றத்துக்கு இரண்டு வருடத்துக்கு உட்பட்ட தண்டனை என்றால் பொதுவாக உள்ளே போக வேண்டியதில்லை. 2017 மே மாதம் உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது; ஜூலையில் அந்த 21 மாதமும் நாளுக்கு 400 யூரோ வீதம் 2,52,000 யூரோ அபராதமாக மாறியது. இது, ஏற்கெனவே விதித்திருந்த சுமார் 20 லட்சம் யூரோ அபராதம் போக.

"அதான் வரியைக் கட்டிவிட்டாரே" என்று இதற்குக் கீழே யாராவது கேட்பீர்கள். கட்டினார், வட்டியும் சேர்த்து 50 லட்சம் யூரோ, 2013 ஆகஸ்டில். அரசுத் தரப்பு புகார் கொடுத்தது அதே வருடம் ஜூனில். அந்த வரி உண்மையில் சேர வேண்டியது 2007, 2008, 2009க்கு; ஸ்பெயினில் கட்டுமானத் தொழில் சரிந்து, லட்சக்கணக்கானோர் வேலையிழந்து நின்ற காலம் அது.