தம்பி டைல்ஸ் வேலைக்குப் போறான், பாதுகாப்புக்கு என்னெல்லாம் கவனிக்கணும்?

தங்கச்சி, உங்கட தம்பி ஓ.எல் எழுதிட்டு களுவாஞ்சிகுடிப் பக்கம் ஒரு பாஸோட (வேலைய எடுத்துச் செய்யுற மேசனோட) டைல்ஸ் வேலைக்குப் போறான், கிரைண்டர் வெட்டிருமோ எண்டு அம்மா பயப்புடுறா எண்டு எழுதியிருந்தீங்க. நான் மட்டக்களப்பு ஆரையம்பதி, எனக்கும் இந்த வேலைதான் சோறு போடுது, கொஞ்சக் காலம் கட்டார்லயும் இதே வேலைதான் செஞ்சன். அம்மாட பயம் நியாயம்தான், ஆனா கிரைண்டர விட அது கிளப்புற தூசிக்குத்தான் நான் கூடப் பயப்புடுறன். கை வெட்டுப்பட்டா ரெத்தம் தெரியும், உடனே தூக்கிட்டு ஓடுவம். தூசி நெஞ்சுக்குள்ள போய்ப் படியுறது ஒருத்தருக்கும் தெரியாது, பத்துப் பதினைஞ்சு வருசம் கழிச்சி மாடிப்படி ஏறக்குள்ள மூச்சு வாங்கும், அப்பதான் தெரியவரும்.

டைல்ஸ், மணல், கொங்ரீட், கிரனைட் எல்லாத்துலயும் சிலிக்கா எண்ட தாது இரிக்கு. அத வெட்டக்குள்ள வார தூசில கண்ணுக்குத் தெரியுறது மூக்குலயே நிண்டுரும், கண்ணுக்குத் தெரியாத பொடிதான் நுரையீரல்ட அடிவரைக்கும் போகும். அதால வார வருத்தத்துக்குப் பேர் சிலிக்கோசிஸ், அத மாத்துறதுக்கு மருந்து இல்ல, அது இருந்தா காசநோயும் இலகுவாப் பிடிக்கும். புற்றுநோய் ஆராய்ச்சிக்கான சர்வதேச நிறுவனம் 1997லயே இந்தத் தூசிய புற்றுநோய் உண்டாக்குற சாமான்ட முதலாம் பிரிவுல போட்டுட்டு. குசினி மேடைக்கு போடுற செயற்கைக் கல்லுல சிலிக்கா 90 வீதத்துக்கு மேலயும் இருக்கும், அத வெட்டுன பொடியனுகளுக்கு சின்ன வயசுலயே இந்த வருத்தம் வந்ததால அவுஸ்திரேலியா 2024 யூலை 1ல இருந்து அந்தக் கல்லயே தடை செஞ்சிட்டு. தம்பிக்கிட்ட இத விளக்கமாச் சொல்லுங்க, ஏனெண்டா சைட்டுல மாஸ்க் போட்டா மத்த பொடியனுகள் பகிடி பண்ணுவானுகள், காரணம் தெரிஞ்சவன்தான் அத கழட்டாம நிப்பான்.

நேரா வெட்டுற வெட்டுக்கெல்லாம் கிரைண்டர் தேவையே இல்ல, கோடு கீறி அமத்தி முறிக்கிற கை கட்டர் போதும், தூசியே இல்லாத மாதிரி. கிரைண்டரால வெட்டத்தான் வேணும் எண்டா, மூலை வெட்டு, பைப் ஓட்டை மாதிரி, வீட்டுக்குள்ள வெச்சி வெட்டப்படாது, முத்தத்துக்குக் கொண்டு வரணும், காத்து முதுகுல படுற மாதிரி இருக்கணும். நம்மட பக்கம் கச்சான் காத்து அடிக்கிற மாசங்கள்ல அது மேக்கால வரும், அப்ப மேக்குக்கு முதுகக் காட்டி இருந்து வெட்டினா தூசி அங்கால போயிரும், வாடைக் காத்துக்கு அப்பிடியே மாத்தி. தண்ணி விட்டு வெட்டுற மெசின் கிடைச்சா அதவிட நல்லம். மாஸ்க் எண்டா கொரோனா காலத்து நீல மாஸ்க்கும் இல்ல, முகத்துல கட்டுற லேஞ்சியும் இல்ல, என்95, மூக்குக் கம்பிய அமத்தி முகத்தோட ஒட்டிப் போடணும், தாடி இருந்தா ஓரத்தால தூசி போகும். பின்னேரம் காஞ்ச நிலத்த தும்புத்தடியால கூட்டுறதும் பிழை, தண்ணி தெளிச்சிட்டுக் கூட்டச் சொல்லுங்க.

இனி கிரைண்டர். 4 இஞ்சி கிரைண்டர் நிமிசத்துக்கு 11,000 சுத்து மட்டுல சுத்தும், அதுட கவரைக் கழட்டிட்டு பெரிய பிளேட்ட மாட்டுறதுதான் இஞ்ச நடக்குற பெரிய அநியாயம். மரம் வெட்டுற பல்லு பிளேட்ட அதுல போட்டா எங்கயாவது சிக்கி உதறக்குள்ள கை, தொடை, கழுத்து எதுலயும் விழும். பாஸ் அப்பிடி ஒண்ட நீட்டினா வாங்காம இருக்கிற தைரியம் தம்பிக்கு வேணும், உங்கட வீட்டு ஆக்களும் அவனுக்குப் பின்னால நிக்கணும்.

கரண்டும் அப்பிடித்தான். தண்ணியும் 230 வோல்ட்டும் ஒரே இடத்துல நிக்கிற வேலை இது, கட்டிட்டு இருக்கிற வீட்டுல வயர முறுக்கி சொக்கட்டுக்குள்ள குத்தி வெச்சிருப்பாங்க. கரண்ட் கசிஞ்சா உடனே லைன நிப்பாட்டுற 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் இல்லாத லைன்ல தண்ணி விட்டு வெட்டவே கூடாது, ட்ரிப் சுவிட்ச் இருந்தாலும் காலையில டெஸ்ட் பட்டன அமத்திப் பாத்துட்டுத்தான் தொடங்கணும்.

முழங்கால் பேட் கட்டாயம், குந்தி முழந்தாள்ல நிண்டே போற வேலை இது, மூட்டு சிரட்டைக்கு முன்னால நீர் கோத்து வீங்கிரும். ஈரச் சீமெந்து சரியான காரம், காச்சட்டை நனைஞ்சி அப்பிடியே அதுல நிண்டா தோல் வெந்து போகும், அந்த நேரம் நோகாது, இரவுதான் தெரியும், அதால பட்ட உடனே நல்ல தண்ணியால நிறையக் கழுவணும். சீமெந்துல இரிக்கிற குரோமியம் சில பேருக்கு ஒவ்வாது, கையெல்லாம் வெடிக்கும், ஒருக்கா வந்தா பிறகு விடாது, கையுறை போட்டுப் பழகினா நல்லம். 2க்கு 2 டைல்ஸ் பெட்டி ஒண்டு 30 கிலோ மட்டுல வரும், மாடிக்கு ஏத்தக்குள்ள ரெண்டு பேர். பாட்டாவோட வேலைக்குப் போறத நிப்பாட்டுங்க, கட்டார்ல சூ இல்லாம சைட்டுக்குள்ளயே விடமாட்டாங்க, இஞ்ச கேக்க ஆள் இல்ல.

ஆனா இதெல்லாம் நடக்குமா நடக்காதா எண்டது கூலி பேசுற அண்டைக்கே முடிவாகிரும் எண்டுதான் நான் நினைக்கிறன். சதுர அடிக் கணக்குல பேசிட்டா எல்லாருக்கும் அவசரம், மாஸ்க் போட, முத்தத்துக்கு நடக்க, தண்ணி பைப் இழுக்க ஒருத்தருக்கும் நேரம் இல்ல. அதால பாஸ்மார் விலை சொல்லக்குள்ளயே வீட்டுக்காரர்ட்ட வெளியில வெட்ட இடம், தண்ணி, ட்ரிப் சுவிட்ச் மூண்டையும் கேட்டு வாங்கணும், மாஸ்க் காசையும் சேத்துச் சொல்லணும். நான் கேட்டு இல்லண்ட வீட்டுக்காரர் குறைவு, வீட்டுக்குள்ள தூசி வராது எண்டா அவங்களுக்கும் சந்தோசம்தான்.

வேலையில காயம் பட்டா நட்டஈடு கேக்க இலங்கையில 1934லயே சட்டம் வந்திட்டு, ஆனா தம்பி அந்த பாஸ்கிட்டதான் வேலை செஞ்சான் எண்டு காட்டணுமே. அதால வேலைக்குப் போற நாள், இடம், வாங்கின காசு எல்லாத்தையும் ஒரு கொப்பியில எழுதி வெக்கச் சொல்லுங்க, பாஸ் அனுப்புற மெசேஜையும் அழிக்க வேணாம். அவசரத்துக்கு 1990 எண்ட நம்பருக்கு அடிச்சா அம்புலன்ஸ் வரும், அதுக்குக் காசு எடுக்கிறல்ல. இருமல் விடாம இருந்தா பாமசியில சிரப் வாங்கிக் குடிச்சிட்டு இருக்காம அரசாங்க ஆசுபத்திரிக்குப் போய் நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கணும், டைல்ஸ் வெட்டுற வேலை எண்டத டொக்டர்ட்ட அவனாவே சொல்லணும், அவர் கேக்கும் வரைக்கும் பாத்திட்டு இருக்க வேணாம்.