எஸ்எஸ்டியைக் கழற்றிவிட்டு ஹார்ட் டிஸ்க் போடலாமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் லேப்டாப் பழுது பார்க்கிறேன். இந்த வாரம் வந்த கேள்விகளில் பாதி இந்த ஒரே விஷயத்தைப் பற்றித்தான். எஸ்எஸ்டி என்றால் சுழலும் பாகமே இல்லாமல், சிப்பில் ஃபைல்களைச் சேமிப்பது.

அண்ணே, கோயில் திருவிழா, கல்யாணமெல்லாம் வீடியோ எடுக்கிறேன். 256 ஜிபி எஸ்எஸ்டி நிரம்பிவிட்டது. கழற்றிவிட்டு 2 டிபி ஹார்ட் டிஸ்க் போடட்டுமா?

போடலாம் தம்பி, போட்ட அன்றே என்னைத் திட்டுவீர்கள். ஹார்ட் டிஸ்க் பழைய இசைத்தட்டு மாதிரி. நிமிடத்துக்கு 5400 முறை தட்டு சுழலும், அதன்மேல் ஒரு கை ஓடி ஓடித் தேடும். நீளமான வீடியோவை நேராகப் படித்தால் நொடிக்கு 100 எம்பிக்குக் கொஞ்சம் மேலே தரும், பரவாயில்லை. ஆனால் விண்டோஸ் ஆயிரம் துண்டு ஃபைல்களை இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கேட்கும். ஒவ்வொரு தேடலுக்கும் பத்து மில்லிசெகண்டுக்கு மேல் போகும். லேப்டாப்பை ஆன் செய்துவிட்டு, அது தயாராவதற்குள் ஒரு தே தாரிக் டீ குடித்து வரலாம். விண்டோஸ் எஸ்எஸ்டியிலேயே இருக்கட்டும், வீடியோவுக்கு மட்டும் ஹார்ட் டிஸ்க் சேருங்கள்.

உள்ளேயே சேர்க்க இடமிருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

கீழ் மூடியைத் திறந்ததும் முதல் வேலை, பேட்டரி ஒயரைக் கழற்றுவது. எஸ்எஸ்டி சூயிங்கம் பட்டை மாதிரி மெல்லியதாக இருந்தால் அது எம்.2. அந்த இடத்தில் எந்த ஹார்ட் டிஸ்க்கும் உட்காராது. பக்கத்தில் 2.5 அங்குலக் குழி காலியாக இருந்தால் அதிர்ஷ்டம். குழி இருந்தும் இணைக்கும் ஒயர் இல்லாமல் வரும் மாடல்கள் உண்டு, அந்த மாடலுக்கான ஒயரைத் தனியாக வாங்க வேண்டும்.

தடிமனையும் அளந்துகொள்ளுங்கள். பெரும்பாலும் 7 மில்லிமீட்டர், பழையவற்றில் 9.5. போன மாதம் ஒரு தம்பி காசை மிச்சம் பிடிக்க, வெளியே செருகும் 4 டிபி ஹார்ட் டிஸ்க்கின் பெட்டியை உடைத்து உள்ளிருந்ததைக் கொண்டுவந்தார். தடிமன் 15 மில்லிமீட்டர்! மூடி ஒரு பக்கம் பிதுங்கி நின்றது. சிலவற்றில் லேப்டாப்போடு இணைக்கும் சாட்டா முனையே இருக்காது, யுஎஸ்பி நேராகப் பலகையிலேயே இருக்கும். உடைத்தபிறகு தெரிந்து என்ன பயன்?

என் பழைய லேப்டாப்பில் டிவிடி டிரைவ் சும்மா கிடக்கிறது.

நல்லது டீச்சர். அதைக் கழற்றிவிட்டு கேடி என்கிற சட்டத்தில் ஹார்ட் டிஸ்க்கை மாட்டிச் செருகலாம். கேடி 9.5, 12.7 என இரண்டு தடிமனில் வரும். டிவிடி டிரைவை அளக்காமல் வாங்காதீர்கள்.

ஹார்ட் டிஸ்க் வாங்கியாச்சு, மாற்றியே ஆகணும். விண்டோஸ் என்னாகும்?

சரி, அடம் பிடித்தால் வழி இருக்கிறது. புதியதை யுஎஸ்பியில் செருகி, குளோன்சில்லா என்ற நகலெடுக்கும் மென்பொருளால் அப்படியே நகலெடுங்கள். அதற்குமுன் பிட்லாக்கர் (விண்டோஸ் டிஸ்க்குக்குப் போடும் பூட்டு) சாவியைத் தாளில் எழுதி வையுங்கள், கேட்கும்போது இல்லையென்றால் எல்லாமே போச்சு. 2 டிபி வாங்கினால் 1.81 என்றுதான் காட்டும், கடைக்காரர் ஏமாற்றவில்லை. விண்டோஸ் எண்ணும் முறை வேறு.

மகன் செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சாலையில் லேப்டாப்பை மோட்டார் சைக்கிளில் கொண்டு போகிறான். ஹார்ட் டிஸ்க் தாங்குமா?

மூடியை மட்டும் சாத்திப் பையில் போட்டால் தாங்காது அக்கா. முழுதாக அணைத்து, சுழல்வது நின்றபின் எடுத்துப் போகச் சொல்லுங்கள்.

கழற்றிய எஸ்எஸ்டியை விற்றுவிடலாமா?

இரண்டு வாரம் பொறுங்கள். புதியது சொதப்பினால் அதை மாட்டினாலே பழையபடி ஓடும்.