கைக்கெட்டும் தூரத்தில் காணாமல் போகும் இடது பக்கம்

கேள்வி: அப்பாவுக்கு வயது 68. பக்கவாதம் வந்து தேறி, இப்போது கோல் பிடித்து நடக்கிறார். ஆனால் இலையில் வலது பாதியை மட்டும் சாப்பிட்டுவிட்டு, “உப்பு, ஊறுகாய் வைக்கலையா?” என்று கேட்கிறார். இரண்டும் இலையின் இடது ஓரத்தில்தான் இருக்கும். நிலைப்படியில் இடது தோளை இடித்துக்கொள்கிறார். அதே மனிதர் எதிர்ச்சுவரில் தொங்கும் மாதக் காலண்டரை ஞாயிறிலிருந்து சனி வரை தடங்கலில்லாமல் படிக்கிறார். கண்ணில் கோளாறு இல்லை என்கிறார் மருத்துவர். வேண்டுமென்றே செய்கிறாரோ என்று அம்மா அழுகிறார். (வாசகி, கும்பகோணம்)

பதில்: முதலில் அம்மாவின் அழுகையை நிறுத்துங்கள் சகோதரி. அப்பா வேண்டுமென்று எதையும் செய்யவில்லை. பக்கவாத நோயாளிகளுக்குப் பிசியோதெரபி செய்யும் எனக்கு, நீங்கள் எழுதியதில் அந்தக் காலண்டர்தான் பெரிய தடயமாகத் தெரிகிறது.

மூளையின் வலது பக்கம் அடிபட்டால் சிலருக்கு இடது பக்கத்தின் மீது கவனமே போகாது. கண் பார்க்கும், மூளை அதைக் கணக்கில் சேர்க்காது. பார்வைப் பரப்பிலேயே இடது பாதி போயிருந்தால் காலண்டரிலும் இலையிலும் ஒரே மாதிரி தடுமாறியிருப்பார். இவருக்கோ கிட்டத்தில் மட்டும் சிக்கல். இது அபூர்வம், பலருக்குக் கிட்டமும் தூரமும் சேர்ந்தே பாதிக்கும். 1991-இல் ஹாலிகன், மார்ஷல் என்ற இரு ஆய்வாளர்கள் இங்கிலாந்தில் இப்படி ஒருவரைப் பற்றி எழுதினார்கள். கைக்கெட்டும் தூரத்தில் ஒரு கோட்டின் நடுவைக் காட்டச் சொன்னால் வெகுவாக வலப்பக்கம் தள்ளிக் காட்டினார். அதே வேலையை எட்டாத தூரத்தில் கொடுத்தபோது பெரும்பாலும் சரியாகவே செய்தார்.

காரணம், கைக்கெட்டும் இடத்துக்கென்று மூளை தனியாக ஒரு கணக்கு வைத்திருக்கிறது. இத்தாலியின் பார்மா நகரில் ரிசோலாட்டி குழுவினர் குரங்குகளின் மூளையில் ஒருவகை நரம்பணுக்களைக் கண்டு 1981-இல் எழுதினார்கள். தோலைத் தொட்டாலும் அவை துடிக்கும். தொடாமல் அந்த இடத்துக்குப் பக்கத்தில் ஏதாவது வந்தாலும் துடிக்கும். கையைச் சுற்றியுள்ள இடத்தைப் பார்க்கும் அணுக்களில் பலவற்றுக்கு, கை நகர்ந்தால் அவை கவனிக்கும் இடமும் கூடவே நகர்கிறது என்பது பிறகு தெரிந்தது. சாப்பாடு எடுப்பதற்கும், முகத்துக்கு நேரே வரும் கிளையிலிருந்து விலகுவதற்கும் இந்தக் கணக்குதான் உதவுகிறது.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்? இலையின் இடது ஓரத்தில் ஒரு சிவப்பு ரிப்பன் வையுங்கள். “ரிப்பன் தெரியுதா அப்பா? அங்கிருந்து ஆரம்பிங்க” என்று ஒவ்வொரு வேளையும் சொல்லுங்கள். முடிந்த அளவு இடது விரல்களை அசைக்கச் சொல்லுங்கள். அந்தக் கை இடது பக்கத்தில் அசைந்தாலே சிலருக்குக் கவனம் அந்தப் பக்கம் திரும்புகிறது. சூடான காபியை இடப்பக்கம் வைக்கவே வேண்டாம். அடுப்படிக்குத் தனியாக விடாதீர்கள். நரம்பியல் மருத்துவரிடம் காலண்டர் விஷயத்தைக் கட்டாயம் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவருக்குத் தெரியாமலே போய்விடும்.

கேள்வி: பார்வையற்ற என் தம்பி, கைத்தடியின் நுனியில் தரையைத் ‘தொடுவதாக’ச் சொல்கிறான். உண்மையா? (வாசகர், தேனி)

பதில்: உண்மைதான். 1996-இல் ஜப்பானில் இரிக்கியும் சகாக்களும், சின்ன வாரியால் தீனியை இழுக்கப் பழகிய குரங்குகளைச் சோதித்தார்கள். கைக்குப் பக்கத்தில் வருவதை மட்டும் கவனித்த அணுக்கள், வாரியின் நீளம் முழுவதையும் கவனிக்க ஆரம்பித்தன. சும்மா பிடித்திருந்தால் அப்படி ஆகவில்லை, வேலை செய்தால்தான். 2007-இல் இத்தாலியில் பார்வையற்ற கைத்தடிக்காரர்களைச் சோதித்தபோது, நீளமான தடியைக் கையில் பிடித்தவுடனே அதன் நுனிப் பக்கம் எழும் ஒலி, கைக்கு அருகில் எழுந்த ஒலி போலவே அவர்களைப் பாதித்தது. பார்வையுள்ளவர்களுக்கு அது வர, தடியைக் கொஞ்ச நேரம் பழக வேண்டியிருந்தது, வந்ததும் நிலைக்கவில்லை. உங்கள் தம்பிக்கோ அது அன்றாடப் பழக்கத்தில் ஊறியது. தடியை மாற்றினால் பழைய நீளத்திலேயே வாங்கிக் கொடுங்கள்.